ஈறுகளில் தொடங்குகிறதா முடக்குவாதம்?



காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியவில்லை. குழாயைத் திருக இரண்டு கைகளும் வேண்டியிருக்கின்றன. ரவிக்கைக் கொக்கியை மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் போன பிறகு விரல்கள் மெல்ல இளகுகின்றன. மறுநாள் காலையிலும் இதே பாடு. விரல் கணுக்கள் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கியிருக்கின்றன. போட்டிருந்த மோதிரம் கழற்ற வரவில்லை.

மருத்துவர்கள் முடக்குவாதம் என்றும், ஊர்ப்புறத்தில் பெரியவர்கள் சரவாங்கி என்றும் சொல்லும் நோயின் ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வயதானால் முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு, இது வேறு. 30 வயதிலும் 40 வயதிலும் வரும். நூறு பேரில் ஒருவரையோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ பிடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது.

இந்த நோய் வந்தவர்கள் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏதாவது கிருமியால வந்திருக்குமா டாக்டர்? அப்படின்னா ஒரு கோர்ஸ் ஆன்ட்டிபயாட்டிக் போட்டா போயிடாதா?"

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு நடந்தவர்களை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வைரஸ். பாக்டீரியாவாலும் மூட்டுகள் வீங்கும். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து, அதைத் தொடர்ந்து மூட்டுக்காய்ச்சல் கண்டு, இதய வால்வு பாதிக்கப்பட்டு, பல வருடங்களாக பென்சிலின் ஊசி போட்டு வருபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகள் வயிற்றை விட்டுப் போன பிறகு முழங்காலும் கணுக்காலும் வீங்குவதும் உண்டு. ஆக, எங்கோ ஓரிடத்தில் தொற்று, வேறோர் இடத்தில் மூட்டுவலி என்பது மருத்துவத்துக்குப் பழகிய சங்கதிதான். முடக்குவாதமும் அந்த வகைதானா என்பதில்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது.

அந்த வழக்கின் முதல் அத்தியாயம் வேதனையானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹன்ட்டர், அமெரிக்காவின் சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்ற மருத்துவர்கள் ஒரு கருத்தைப் பரப்பினார்கள். பல்லிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் சீழ்தான் உடம்பெங்கும் நோயைப் பரப்புகிறது, மூட்டுவாதமும் அதன் விளைவே என்றார்கள். அப்புறம் என்ன, மூட்டுவலி என்று வந்தவர்களின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார்கள். டான்சிலை வெட்டி எடுத்தார்கள். வாய் நிறையப் பல்லோடு மருத்துவமனைக்குள் போனவர்கள் பொக்கை வாயோடு வெளியே வந்தார்கள். மூட்டுவலி மட்டும் போகவில்லை.

இதற்கு முற்றுப்புள்ளி வைக்க உதவியவர் ரஸ்ஸல் சிசில். நம் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் பழக்கமான சிசில் பாடநூலைத் தொடங்கியவர் அவர்தான். முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைக் கண்டதாக 1929-இல் எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவர் 1938-இல் 200 நோயாளிகளின் விவரங்களை அலசிப் பார்த்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் பலன் இல்லை என்று சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து வெளியிட்டார். தான் ஆதரித்த கருத்தைத் தானே சோதித்து, தவறு என்று ஊரறியச் சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால் எத்தனையோ பேரின் பற்கள் தப்பின.

இதே காலத்தில் கிருமி என்ற அதே நம்பிக்கையிலிருந்து நல்ல மருந்துகளும் பிறந்தன. தங்கச் சேர்மம் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது என்று ராபர்ட் கோக் கண்டிருந்தார். முடக்குவாதமும் காசநோயின் உறவாக இருக்கலாம் என்று எண்ணிய ஃபிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபாரஸ்ட்டியே, தங்க உப்பை ஊசியாகப் போட்டு 1929-இல் பலன் கண்டார். ஸ்வீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், இது பாக்டீரியாத் தொற்று என்று நம்பி, கிருமிகளை அடக்கும் சல்ஃபா மருந்தையும் வலியை அடக்கும் சாலிசிலிக் அமிலத்தின் உறவான ஒன்றையும் ஒரே மூலக்கூறில் இணைக்கச் செய்தார். அப்படி வந்ததுதான் சல்ஃபாசாலசின். தங்க ஊசி ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. சல்ஃபாசாலசின் இன்றும் முடக்குவாத நோயாளிகளின் மருந்துச் சீட்டில் இருக்கிறது. மருந்து கேட்கிறது என்பதற்காக, அதைக் கொடுத்த காரணமும் சரி என்று ஆகிவிடாது. இந்தத் துறையில் அடிக்கடி நினைவில் வைக்க வேண்டிய விஷயம் இது.

1970-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரில் பிள்ளைகளுக்கு வரிசையாக முழங்கால் வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றார்கள். ஒரே தெருவில், ஒரே வீட்டில் இத்தனை பேருக்கு எப்படி வரும் என்று பாலி மர்ரி என்ற தாய் விடாமல் கேட்டார். அவர் குறித்து வைத்த பட்டியல்தான் ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவரை அந்த ஊருக்கு வரவழைத்தது. உண்ணி கடித்துப் பரவும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்பது 1980-களின் தொடக்கத்தில் உறுதியானது. அந்த மூட்டுவீக்கம் ஆன்ட்டிபயாட்டிக்கால் பெரும்பாலும் குணமாகிறது. முடக்குவாதம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு நோய், கடைசியில் தொற்றுநோயாக முடிந்த கதை இது. மற்ற முடக்குவாதத்துக்கும் இப்படி ஒரு கிருமி ஏன் இருக்கக்கூடாது என்ற கேள்வி இதனால் மறுபடி உயிர்பெற்றது.

இப்போது ஆராய்ச்சி வந்து நிற்கும் இடம், பழைய ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்த அதே வாய்தான். ஆனால் காரணம் வேறு.

நம் உடம்பின் புரதங்களில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஒரு நொதி பட்டால் அது சிட்ருலின் என்ற வேறொன்றாக மாறும். புரதம் நம்முடையதுதான், சாயல் மட்டும் மாறிவிடும். திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுத் திரும்பிய பிள்ளையைப் பார்த்து வீட்டு நாயே குரைப்பதுபோல, சிலரது எதிர்ப்பு அணுக்கள் இந்தப் புரதங்களை அந்நியர் என்று எண்ணி, அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. ஆன்ட்டி சிசிபி என்று இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதுகிறார்களே, அது இந்த எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைதான்.

ஈறு நோயை உண்டாக்கும் கிருமிகளில் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்று ஒன்று உண்டு. ஆர்ஜினைனை சிட்ருலினாக மாற்றும் நொதியை அது தானே உற்பத்தி செய்கிறது. பாக்டீரியாக்களிடம் மிக அரிதாகக் காணப்படும் திறன் இது. அப்படியென்றால் முடக்குவாதத்தின் முதல் பொறி ஈறுகளில்தான் விழுகிறதோ என்ற கருத்து 2004-இல் முன்வைக்கப்பட்டது. 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அக்ரிகேட்டிபாக்டர் என்ற இன்னொரு ஈறுக் கிருமியைச் சுட்டிக்காட்டினார்கள். அது சுரக்கும் நஞ்சு வெள்ளை அணுக்களைத் துளைக்கிறது. அந்த அணுக்களுக்குள் சிட்ருலின் மாற்றம் தறிகெட்டு நடக்கிறது. அவர்கள் சோதித்த முடக்குவாத நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் இந்தக் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. ஆரோக்கியமானவர்களிடம் அது 11 சதவீதம்தான்.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. சில முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தை நீண்ட காலம் தொடர்ந்து சேகரித்துப் பார்த்தார்கள். ஈறு நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் வாய்க் கிருமிகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. அந்தக் கிருமிகளின் புரதங்களே வாய்க்குள் சிட்ருலின் மாற்றம் அடைந்திருந்தன. நோயாளியின் எதிர்ப்பொருள்கள் அவற்றையும் பிடித்தன, சொந்தப் புரதங்களையும் பிடித்தன. ஈறில் ஒரு சின்ன விரிசல் இருந்தால் போதும், சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் கிருமிகள் இரத்தத்துக்குள் நழுவிவிடும்.

இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேர், நோய் வருவதற்கு முன்பு இரத்த தானம் செய்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த இரத்தம் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துச் சோதித்தபோது ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேரிடம், மூட்டில் முதல் வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த வகை எதிர்ப்பொருள்கள் இருந்தன. சிலரிடம் பத்தாண்டுகளுக்கும் மேல். ஆக, நோய் பிறப்பது மூட்டில் அல்ல என்றே தோன்றுகிறது. வேறெங்கோ பிறந்து, வளர்ந்து, ஒருநாள் மூட்டுக்கு வருகிறது போலும்.

அந்த வேறிடம் வாயாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புகைப்பவர்களின் நுரையீரலிலும் சிட்ருலின் மாற்றம் நடக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் முடக்குவாத வாய்ப்பைக் கூட்டும் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. குறிப்பிட்ட மரபணு அமைப்பும் சேர்ந்துவிட்டால் ஆபத்து பல மடங்கு. குடலும் சந்தேகத்துக்கு உரியதுதான். புதிதாக நோய் கண்டவர்களில் 75 சதவீதம் பேரின் குடலில் பிரெவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்ததாக நியூயார்க் ஆய்வொன்று 2013-இல் சொன்னது.

இவ்வளவு சொன்ன பிறகு நிதானமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈறுக் கிருமிதான் முடக்குவாதத்துக்குக் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஈறு நோய் உள்ள பெரும்பாலோருக்கு முடக்குவாதம் வருவதில்லை. புகைப்பழக்கம் ஈறையும் கெடுக்கும், மூட்டையும் கெடுக்கும். எனவே இரண்டும் ஒன்றாகக் காணப்படுவதில் வியப்பில்லை. விரல் மடங்காதவருக்குப் பல் துலக்குவதே சிரமம் என்பதால், மூட்டு நோயால் ஈறு கெடுவதும் நடக்கும்.

ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டால் போகாதா என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் 219 நோயாளிகளை வைத்து மினோசைக்ளின் மருந்தை 48 வாரம் சோதித்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டுவீக்கம் குறைந்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 54 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 39 சதவீதம். பலன் உண்டு, ஆனால் மிதமானது. அந்த மருந்துக்குக் கிருமியைக் கொல்வதைத் தவிர, அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு என்பதால் எதனால் பலன் கிடைத்தது என்று சொல்வது கடினம். இன்று அதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிடாதீர்கள். பொறி எங்கே விழுந்திருந்தாலும், மூட்டில் தீப்பற்றிய பிறகு அணைக்க வேண்டியது எதிர்ப்பு அணுக்களின் கொந்தளிப்பைத்தான்.

அதற்கு முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அட்டையின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள். இதுபோன்ற மருந்துகள் எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்துவதால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த சில ஊசிகளைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். நம் நாட்டில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும் உடம்புகள் ஏராளம் என்பதால், அந்தச் சோதனையை வீண்செலவு என்று தட்டிக் கழிக்க வேண்டாம்.

பல் துலக்கும்போது இரத்தம் வந்தால், அது எல்லோருக்கும் வருவதுதான் என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போய்ப் பற்காறையை எடுத்து ஈறுக்குச் சிகிச்சை பெறுங்கள். அதனால் முடக்குவாதம் தடுக்கப்படும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பல் நிலைக்கும். ஈறும் நலமாகும். பீடி, சிகரெட்டை விடுங்கள், வெற்றிலையோடு போடும் புகையிலையையும் விடுங்கள். ஏற்கெனவே விரல்கள் மடங்காதவர்கள், பிடிப்பதற்கு வசதியாக பிரஷ் கைப்பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விரல் மூட்டுகளில் வீக்கமும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும் வந்தால், வீட்டு வைத்தியத்திலும் வலி மாத்திரையிலும் மாதங்களைக் கழிக்க வேண்டாம். ஆறு வாரத்துக்குள் மூட்டுவாத சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்திலேயே சிகிச்சையை ஆரம்பித்தால் விரல்கள் கோணாமல் காப்பாற்ற முடியும். எலும்பு அரித்துவிட்டால் அதை மீட்க மருந்து கிடையாது. உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ காலையில் கையை உதறிக்கொண்டு நின்றால், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.