கருவிக்கு முன்னர் ஆசிரியர்

பள்ளிகளுக்குப் புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம், அதன் விலை என்ன, எத்தனை பள்ளிகளுக்குக் கிடைக்கும் என்பவை பற்றியே முதலில் பேசப்படுகிறது. அதனைக் கையாள வேண்டிய ஆசிரியர் எவ்வாறு ஆயத்தமாவார் என்ற கேள்வி பின்னரே எழுகிறது. இந்த வரிசை மாற வேண்டும். இதற்கான சான்று ஹைதராபாத் நகரின் அனுபவத்திலேயே உள்ளது.

செயற்கைக் கோள் தந்த பாடம்

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 முடிய, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக் கோளின் வாயிலாகத் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை நடைபெற்றது. ‘சைட்’ எனப்பட்ட இத்திட்டத்தில் ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் இடம்பெற்றன. கிராமங்களுக்கான தொலைக்காட்சிப் பெட்டிகளை ஹைதராபாத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்தது. தெலுங்கு நிகழ்ச்சிகளுக்கான தயாரிப்பு நிலையமும் இந்நகரிலேயே அமைந்தது.

காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டது. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய நான்கு மொழிகளுக்கும் பகிர்ந்தபோது ஒரு மொழிக்குக் கிடைத்தது 22½ நிமிடமே. நிகழ்ச்சிகளோ 5 வயது முதல் 12 வயது வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் பொதுவானவை. ஐயம் எழுந்தால் நிகழ்ச்சியை நிறுத்த இயலாது. மீண்டும் காட்டவும் இயலாது. எனவே, அக்காட்சியைப் பாடமாக்கும் பொறுப்பு ஆசிரியரையே சார்ந்தது.

திட்டமிட்டோர் இதனை உணர்ந்திருந்தனர். 1975 அக்டோபரிலும் 1976 கோடையிலும் பன்னிரண்டு நாள் பயிற்சிகள் நடத்தப்பட்டன. இவற்றில் மொத்தம் ஏறத்தாழ 48,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சி பெற்றனர். தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட கையேடு, செய்முறைப் பயிற்சி ஆகியவை இதில் ஒருங்கிணைக்கப்பட்டன. மாணவர்களுக்குப் பயன்படவிருந்த சாதனத்தின் வழியே ஆசிரியர்களும் கற்றனர்.

ஆயத்தம் என்பது யாது?

பொத்தான்களை இயக்கத் தெரிந்துகொள்வது ஆயத்தத்தின் சிறு பகுதியே. நீர் ஆவியாதல் பற்றிய ஒரு படக்காட்சியை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் முதலில் தாமே அதனைப் பார்த்து, எந்தக் கருத்தை வலியுறுத்துவது என முடிவு செய்கிறார். வகுப்பில் படத்தைக் காட்டுமுன், “கொடியில் உலர்த்திய துணியிலிருந்த ஈரம் எங்கே போயிற்று?” என்று கேட்டு, விடைகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். படம் முடிந்தபின், ஒரே அளவு நீரை இரண்டு தட்டுகளில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைக்கிறார். மூத்த மாணவர் அளந்து குறிக்கின்றனர், இளையோர் வரைகின்றனர். மின்சாரம் தடைப்பட்டாலும் இந்தப் பாடம் தடைப்படாது.

செலவும் பயனும்

பொருளாதார நோக்கில், நிகழ்ச்சித் தயாரிப்பு பெரும்பாலும் நிலையான செலவு ஆகும். பார்க்கும் மாணவர் தொகை பெருகப் பெருக, தலைக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் பயன் அவ்வாறு தானாகப் பெருகுவதில்லை. கருவியும் ஆசிரியரும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இடுபொருள்கள். ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. பழுது பார்த்தல், மின்சாரம், ஆசிரியர் பயிற்சி ஆகியவை தொடர் செலவுகள். நிதி குறையும்போது இவை முதலில் வெட்டப்படுமானால், வாங்கிய கருவியின் மதிப்பும் வீணாகும்.

ஓராசிரியர் பள்ளிகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. 2024-25ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் இத்தகைய பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஒரு வகுப்பு திரையைப் பார்த்துப் பயிலும்போது ஆசிரியர் மற்றொரு வகுப்பைக் கவனிக்கலாம் என்பதால், கருவியின் தேவை அங்கேதான் மிகுதி. பல வகுப்புகளையும் அலுவலகப் பணியையும் ஒருவரே சுமப்பதால், ஆயத்தத்துக்கு நேரம் கிடைப்பதும் அங்கேதான் அரிது. ஆகவே அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பாடத்திட்டங்களைத் தயாரித்துப் பகிர்ந்துகொள்ள, பணி நேரத்திலேயே வாய்ப்பளிக்க வேண்டும்.

2017இல் மைய அரசின் ‘தீக்ஷா’ தளமும், ஹைதராபாத்திலிருந்து ஒளிபரப்பாகும் தெலங்கானா அரசின் ‘டி-சாட்’ அலைவரிசைகளும் தொடங்கப்பட்டன. பதிவு செய்த பாடத்தை இப்போது நிறுத்தலாம், திரும்பவும் காட்டலாம். 22½ நிமிடக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. ஆயினும், 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லாத வீட்டுக் குழந்தைகள் பாடத்திலிருந்து விலகி நின்றதையும் நாடு கண்டது.

1976இல் அந்தச் செயற்கைக் கோள் திரும்பப் பெறப்பட்டது. 1977இல் ஹைதராபாத்தில் தரைவழி ஒளிபரப்பு வந்தபோதிலும், செயற்கைக் கோளை நம்பியிருந்த தொலைவுக் கிராமங்கள் எல்லாவற்றையும் அது எட்டவில்லை. கோள் போனபின்னும் வகுப்பறையில் எஞ்சியது, பயிற்சி பெற்ற ஆசிரியரின் திறனே. இனி எந்தக் கருவிக்கு நிதி ஒதுக்கினாலும், ஆசிரியரின் பயிற்சிக்கும் ஆயத்த நேரத்துக்கும் உரிய தொகையை அதே ஆணையில் சேர்த்து ஒதுக்குவதே விவேகமான திட்டமிடல் ஆகும்.