யார் வயிறு, யார் கணக்கு?
(கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேத்து வரைக்கும் பெத்துக்காதே என்றார்கள். இன்று பெத்துக்கோ என்கிறார்கள். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பிள்ளை பெறச் சொன்னார். அதே மாதம் மு.க.ஸ்டாலின் ஒரு திருமண மேடையில், தொகுதி குறையும் நிலை வந்தால் 16 பெற்றால் என்ன என்று கேட்டார்.

நாடாளுமன்றத் தொகுதிக் கணக்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தியது 1976இன் 42ஆவது திருத்தம். 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை அதை நீட்டித்தது 2001இன் 84ஆவது திருத்தம். தலை குறைந்தால் தொகுதி குறையும் என்ற மாநிலங்களின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கணக்குல நம்ம பொம்பளைங்க எங்கே?

1993இல் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சேரிப் பெண்ணுக்கு ஊராட்சி நாற்காலி சட்டப்படி கிடைத்தது. மறு வருசமே, 1994இல், ரெண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஆந்திரம் சட்டம் போட்டது. ஹரியானாவின் இதேபோன்ற சட்டத்தை 2003இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எம்.எல்.ஏ., எம்.பி.க்கு இந்தத் தடை கிடையாது! 2024 நவம்பரில் ஆந்திரம் அதை நீக்கியது. அநியாயம் என்று உணர்ந்தா நீக்கினார்கள்? இல்லை, பிறப்பு குறைந்துவிட்டது என்று நீக்கினார்கள். பறித்த நாற்காலிக்கு யார் பதில் சொல்வது?

பிறப்பைக் குறைத்த பாரத்தை யார் சுமந்தார்கள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் கத்திக்குப் படுத்த ஏழைப் பெண்கள் 13 பேர் செத்தார்கள். இலக்கு வைத்தவன் எவனும் சாகவில்லை.

அம்பேத்கர் 1928இல் பம்பாய் மேலவையில் உழைக்கும் பெண்ணின் பேறுகாலச் சலுகைக்காக வாதாடினார். 1938இல் கருத்தடை வசதி கோரி அவர் தயாரித்த உரையைப் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தோழர் ரோஹம் வாசித்தார். சபை தோற்கடித்தது. பெறவும் உரிமை, பெறாதிருக்கவும் உரிமை. ரெண்டையும் சேர்த்துக் கேட்டவர் அவர்.

நாமும் அதையே கேட்போம். கூலிக்கு நடவு நடுகிறவளுக்குச் சம்பளத்தோடு பேறுகால ஓய்வு எங்கே? கொள்கை எழுதுகிற குழுவில் அவளுக்கு இடம் எங்கே? இதுக்குப் பதில் சொல்லாதவன் அவள் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம்.