அடக்கம் வேறு, அச்சம் வேறு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையில் பேச வேண்டும் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வகுப்பில் 'பேசாதே, பேசாதே' என்று சொல்லியே பழகியவன் நான். என்னையே பேசச் சொன்னால் என்ன செய்வேன்?

சிரித்துவிட்டீர்கள். தன்னைத்தானே கேலி செய்துகொள்பவன்மீது கேட்பவருக்கு அன்பு பிறக்கிறது. இதில் ஆங்கிலேயர் பெயர் பெற்றவர்கள். ஜெரோம் கே. ஜெரோம் என்பவர் 1889இல் படகில் சென்ற மூவரைப் பற்றி ஒரு நகைச்சுவை நூல் எழுதினார். அதில் கதை சொல்பவர் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டுகிறார். படிக்கப் படிக்க, அதிலுள்ள நோயெல்லாம் தமக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. ஒரே ஒரு முழங்கால் நோய் மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்று அதற்கும் வருத்தப்படுகிறார்!

இது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய சொத்தா? இல்லை. நம் கம்பர் இராமாயணத்தின் தொடக்கத்திலேயே அவையடக்கம் சொல்கிறார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். அப்படிச் சொன்னவர்தான் பத்தாயிரம் பாடல்களுக்கு மேல் பாடி முடித்தார்! அது அடக்கம்.

அந்தக் காலத்தில் நம் பாட்டன்மார் பிரட்டுக்களத்தில் துரை முன்னாலும் கங்காணி முன்னாலும் தலை குனிந்து நின்றார்களே, அது அடக்கமா? இல்லை, அச்சம். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெற்றோரே, ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பாராட்டினால் என்ன சொல்கிறீர்கள்? "நீங்க வேற சார், இது சரியான மக்கு. ஏதோ குருட்டு யோகம்" என்கிறீர்கள். நீங்கள் பணிவாகத்தான் பேசுகிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது தெரியுமா?

பால்மரம் சீவிய என் தகப்பனாரும் ஒருநாள் அப்படித்தான் சொன்னார்: "இவன் மண்டையில என்னங்க ஐயா இருக்கு? களிமண்ணுதான்." நான் அதை நெடுநாள் நம்பினேன். விடை தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்க மாட்டேன். பல ஆண்டுகள் கழித்து என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "அன்னிக்கு வாத்தியார் முன்னால பெருமையடிக்கக் கூடாதேன்னு சொன்னேன்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். ஆகவே கேலி செய்ய ஆசை வந்தால் நம்மையே செய்துகொள்வோம். பிள்ளையைப் பாராட்டினால், "ஆமாங்க சார், பாடுபட்டுப் படிச்சான்" என்று சொல்லிப் பழகுவோம்.

மாணவச் செல்வங்களே! பரிசு வாங்கத் தலை நிமிர்ந்து வாருங்கள். உங்களை நீங்களே கேலி செய்துகொண்டாலும், கம்பரைப் போல், காரியத்தை முடித்துக் காட்டுங்கள்.

பேசத் தெரியாது என்று தொடங்கியவன், இப்போது ஒலிபெருக்கியை விடமாட்டேன் என்கிறேன். இத்துடன் முடிக்கிறேன்.