கைக்கேற்ற விசைப்பலகை எது?

கண்ணைப் பற்றியும் முதுகைப் பற்றியும் எனக்கு முன் பேசிய நண்பர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். கையையும் விசைப்பலகையையும் நெறியாளர் என்னிடம் விட்டிருக்கிறார்.

கைவலி என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த விசைப்பலகை வாங்கலாம்?" கேட்பவர் பெரும்பாலும் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணாக இருப்பார். காலை எட்டரை மணி முதல் எண்களைப் பதிவதுதான் அவருடைய வேலை. கை நின்றால் சம்பளமும் நின்றுவிடுமோ என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. "இப்போது இருக்கும் பலகையில் எப்படி அடிக்கிறீர்கள், இந்த மேசையில் காட்டுங்கள்" என்பேன்.

காட்டும்போது மூன்று வளைவுகள் தெரியும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருக்கும். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் குறுகி, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். உள்ளங்கை முழுவதும் தரையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கையைச் சும்மா தொங்கவிட்டுப் பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. ஒரு நிமிடத்துக்கு இவை ஒன்றும் செய்யாது. எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் என்றால் தசைநார்கள் முறையிடத் தொடங்கும்.

குற்றம் முழுவதும் நம்முடையதல்ல. இந்த எழுத்து வரிசை 1870களில் அமெரிக்காவில் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் ஓடியதால், அவை ஒன்றோடொன்று இடிக்காதிருக்க விசை வரிசைகளைச் சற்றே விலக்கி அமைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது. விலகல் மட்டும் இன்னும் நம் மேசையில் இருக்கிறது.

சரி, பணம் செலவழிக்காமல் என்ன செய்யலாம்? பலகையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் இரண்டு சிறிய கால்கள் இருக்கும். வாங்கி வந்த அன்றே பலரும் அவற்றை நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்க வைப்பதே அந்தக் கால்கள்தான். இன்றிரவே மடக்கிவிடுங்கள்.

அடுத்தது உயரம். சாதாரண அலுவலக மேசை 73 முதல் 75 செண்டிமீட்டர் உயரம் இருக்கும். நம் பெண்களில் பலருக்கு அது முழங்கையைவிட உயரம். தோளைத் தூக்கிக்கொண்டே அடிக்கிறார்கள். மாலையில் கழுத்து வலிக்கிறது என்பார்கள், காரணம் மேசையில் இருக்கும். மேசையை வெட்ட முடியாது. நாற்காலியை உயர்த்தி, கால் தொங்காதபடி பாதத்துக்கு ஒரு பலகையோ உறுதியான பெட்டியோ வையுங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில், உடலை ஒட்டி இருக்க வேண்டும்.

மூன்றாவது, பலகையை நடுவில் வைப்பது. பலகையின் நடுப்பகுதியைத் திரைக்கு நேராக வைப்பது நம் பழக்கம். எழுத்துகளோ இடப்பக்கம் இருக்கின்றன, வலக்கோடியில் எண்தொகுதி உட்கார்ந்திருக்கிறது. 'ஜி', 'எச்' விசைகளுக்கு இடையே உள்ள இடம் உங்கள் தொப்புளுக்கு நேராக வரட்டும். இப்படி வைத்ததும் இன்னொன்று தெரியவரும். மவுஸ் எங்கோ தொலைவில் போய்விடும். முழுப் பலகை சுமார் 44 செண்டிமீட்டர் அகலம். எண்தொகுதி இல்லாதது சுமார் 36. அந்த எட்டு செண்டிமீட்டருக்காகத்தான் வலத் தோள் நாள் முழுதும் வெளியே நீண்டுகொண்டிருக்கிறது. வலத் தோளில் மட்டும் வலி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்லும் மாற்றம் இதுதான். எண்தொகுதி இல்லாத சிறிய பலகை, விலையும் அதிகமில்லை. கணக்கு வேலைக்கு எண்கள் வேண்டுமென்றால் எண்தொகுதி தனியாகவே கிடைக்கிறது. பதியும்போது வலப்பக்கம் வைத்து, முடிந்ததும் தள்ளி வைத்துவிடலாம்.

மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திரையும் விசையும் ஒட்டியிருக்கும் வரை ஒன்று கழுத்து வருந்தும், இல்லையேல் கை வருந்தும். கணினியை நாலு தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றிவிட்டு, தனி விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டுத் திண்டு பற்றியும் கேட்கிறார்கள். பெயரிலேயே குழப்பம். அடிக்கும்போது மணிக்கட்டை அதன்மேல் ஊன்றினால் நரம்பு செல்லும் இடத்தையே அழுத்துகிறோம். அடித்து நிறுத்தும் இடைவேளையில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து இளைப்பாறத்தான் அது.

இனி, பிளவுபட்ட பலகைகள். விசைகளை இரண்டாகப் பிரித்துச் சாய்த்து வைத்தால் மணிக்கட்டு நேராகும் என்று 1972-இல் குரோமர் என்ற ஆய்வாளர் எழுதினார். மைக்ரோசாஃப்ட் 1994-இல் வளைந்த பலகையை விற்கத் தொடங்கிய பிறகுதான் சாதாரண அலுவலகங்கள் அதைக் கண்டன. மணிக்கட்டின் வளைவை இவை குறைக்கின்றன என்பது உண்மை. நோயே வராது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் 1997-இல் வெளியிட்ட கையேட்டில், அப்படி உறுதி சொல்ல அன்றைய ஆய்வுகள் போதவில்லை என்றுதான் இருந்தது. ஆகவே மணிக்கட்டு வெளிப்பக்கம் சாய்கிறவர், அகன்ற தோள் உள்ளவர் வாங்கலாம். இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பவருக்கு அது வீண் செலவு.

வாங்கினால், முதல் இரண்டு வாரம் வேகம் குறையும். மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் நாளில் மாற்றாதீர்கள். 'பி' விசையில் பலர் தடுமாறுவார்கள். பெரும்பாலான பிளவுப் பலகைகளில் அது இடப்பாதியில் இருக்கும். வலது ஆட்காட்டி விரலால் அதை அடித்துப் பழகியவரின் விரல் வெறும் இடைவெளியில் போய் விழும்.

லோ யாட் பிளாசாவிலோ சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்திலோ போய்ப் பார்க்கும்போது, கடை முகப்பில் நின்றபடி அடித்துப் பார்க்கிறோம். நின்று அடித்தால் எல்லாப் பலகையும் சுகமாகத்தான் இருக்கும்! ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள். விசை இலேசாக இறங்குகிறதா என்று சுண்டுவிரலால் சோதியுங்கள். 45 கிராம் அழுத்தத்தில் இறங்கும் விசைகள் கிடைக்கின்றன, சுண்டுவிரலுக்கு அந்த அளவு போதும். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பயின்ற மூத்தவர்கள் எதையும் ஓங்கி அடிப்பார்கள். அவர்களுக்கு விசையை மாற்றுவதைவிட அடியை மாற்றுவதே மருந்து.

தமிழில் தட்டச்சு செய்யும் ஆசிரியர்களும் பத்திரிகை நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அஞ்சல் முறையில் 'வணக்கம்' என்று அடிக்க எட்டு எழுத்து விசைகள், 'ண'வுக்காக ஒரு ஷிஃப்ட், ஆக ஒன்பது. சென்னையில் 1999-இல் நடந்த மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 முறையில் ஆறே விசைகள், ஷிஃப்ட் இல்லை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். 'க'வை இருமுறை அடித்தால் நடுவில் புள்ளி தானாக விழும். ஷிஃப்ட் என்பது ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான். அதை அழுத்துவது சுண்டுவிரல், பத்து விரலில் மெலிந்தது. ஒரு முழுத் தேர்வுத்தாளைத் தட்டச்சு செய்யும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெருகும் என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இரண்டு முறைகளையும் தருகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. புதிய பலகைக்குக் கொடுக்கும் காசு இங்கே தேவையில்லை, சில வாரப் பயிற்சிதான் வேண்டும்.

முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் மலேசியாவின் அலுவலகங்கள் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தொடுகிறது. வலிக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள், தேதியோடு.

கடைசியாக, விசைப்பலகையால் தீராத ஒன்று. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் இரவில் எழுந்து கையை உதறுகிறீர்களா? கையிலிருந்து குவளை நழுவுகிறதா? அப்படியானால் கடைக்கல்ல, மருத்துவரிடம் போங்கள். மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு விசைப்பலகை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இனிப்பு நீர், தைராய்டு, கர்ப்பம் இவையும் காரணமாகலாம். இனிப்பு நீர் நம்மவர்களிடம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். கையைக் காட்டப் போகும் அன்றே இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.