கல்வியே முதற்செலவு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

மத்திய அரசு 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில், தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் நமது விருதுநகரும் மட்டுமே. கல்வி, குடிநீர், சாலை ஆகியவற்றுக்கு அரசிடம் நிதி கேட்பது நமது உரிமை.

ஆயினும், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்க்கு வழங்கப்பட்ட மத்திய உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் இருப்பதே காரணம் என்றனர். சட்டம் இருக்கிறது, ஏழைத் தாயின் கையிலிருந்த தொகைதான் இல்லை.

நாட்டின் பட்ஜெட் நம் கையில் இல்லை. பைத்துல்மால் நம் கையில் உள்ளது. முதல் வஹீயே ஓதுமாறு ஏவியதன்றோ! வரும் ஆண்டுக் கணக்கில் கட்டடச் செலவுக்கு முன்பாக, ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவை எழுதுவோம். வறுமையால் நம் மஹல்லாவில் எவர் படிப்பும் நிற்கலாகாது.

வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.