இயந்திரத்தின் வெப்பமும் எரிபொருட் சிக்கனமும்

(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரருக்கும் லொறி உரிமையாளருக்கும் மருதானையில் நிகழ்த்திய பேச்சு)



உழவு இயந்திரத்துக்கோ லொறிக்கோ உதிரிப்பாகம் வேண்டுமாயின், ஊர்க்கடைகளில் அது கிடையாதபோது நம்மவர் நாடி வரும் இடம் மருதானைப் பஞ்சிகாவத்தை. சிறு திருகாணி முதல் முழு எஞ்சின் வரை அங்கு வாங்கலாம். அக்கடைகளில் உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருளொன்றும் உண்டு. அதன் பெயர் வெப்பநிலைநிறுத்தி. கராச்சுகளில் இதனைத் 'தேமோஸ்ரற்' என்பர்.

"நம்முடையது வெப்ப நாடு, குளிர் நாட்டாருக்கே இது வேண்டும்" என்று கூறி, எஞ்சின் ஒருமுறை கொதித்ததும் இவ்வுறுப்பைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வழக்கம் தவறானது. அதனால் நாள்தோறும் எரிபொருள் வீணாகின்றது. எஞ்சினின் ஆயுளும் குறைகின்றது. 2022 ஆம் ஆண்டில் டீசலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு யூலை மாதத்திற் கியூஆர் அட்டை வந்தபின்னும் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்றே அளந்து தந்தார்கள். அத்துணை அரிய பொருளை வீணாக்கலாமா?

இது எவ்வாறு வேலை செய்கின்றது?

எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து ரேடியேற்றருக்குச் சூடான நீர் செல்லும் வழியிலேயே வெப்பநிலைநிறுத்தி பெரும்பாலும் பொருத்தப்பட்டிருக்கும். சில எஞ்சின்களில் நீர் திரும்பி வரும் வழியில் இருக்கும். அதனுள் ஒரு சிறு உலோகக் கூடு, கூட்டினுள் மெழுகு. நீர் சூடேறும்போது மெழுகு உருகி விரிந்து, ஒரு தண்டைத் தள்ளிக் கதவைத் திறக்கும். நீர் ஆறினால் மெழுகு சுருங்கும். வில்லுச்சுருள் கதவை மூடும்.

எனவே காலையில் எஞ்சினை முடுக்கியவுடன் நீர் ரேடியேற்றருக்குச் செல்வதில்லை. எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவிற் சூடேறுகின்றது. வயலுக்கு நீர் பாய்ச்சும்போது மடையை வேண்டிய அளவுக்குத் திறந்தும் அடைத்தும் விடுகின்றீர்கள் அல்லவா? வெப்பநிலைநிறுத்தியும் அத்தகைய மடையே. 82 பாகை செல்சியஸ் எனப் பொறிக்கப்பட்ட ஒன்று ஏறக்குறைய அவ்வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, 95 பாகையளவில் முழுவதும் திறந்துவிடும். ஆகவே எஞ்சின் மிகச் சூடாகும்போது நல்ல நிலையிலுள்ள வெப்பநிலைநிறுத்தி நீரின் வழியைத் தடுத்து நிற்பதில்லை.

எஞ்சினுக்குச் சூடு ஏன் வேண்டும்?

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகின்றது. எஞ்சிய பெரும்பகுதி புகையோடும் குளிரூட்டும் நீரோடும் போய்விடுகின்றது. எஞ்சினை வேண்டிய அளவுக்கு மேற் குளிரவிட்டால் நான்கு வகையில் நட்டம் உண்டாகும்.

முதலாவது, குளிர்ந்த சிலிண்டரில் எரிபொருள் நன்கு ஆவியாகாது. முற்றாக எரியாது வெளியேறும். 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் அறிவர். சில துளி பெற்றோல் விட்டே அவற்றை முடுக்கினார்கள். எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் சீராக எரிந்தது. எரிபொருளுக்குச் சூடு வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. டீசல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வெண்புகை கக்குவதும் தட்டும் ஒலி எழுப்புவதும் இதனாலேயே.

இரண்டாவது, குளிர்ந்த மசகெண்ணெய் தடிப்பாக இருக்கும். அந்த உராய்வை வெல்லவே எரிபொருளின் ஒரு பகுதி செலவாகிவிடும்.

மூன்றாவது, புதிய வாகனங்களில் நீரின் வெப்பத்தை அறியும் உணரி உண்டு. நீர் சூடேறவில்லையெனின், எஞ்சின் இன்னும் குளிராகவே உள்ளதெனக் கணித்து, கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைக் கூடுதலாக விட்டுக்கொண்டேயிருக்கும்.

நான்காவது, எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவர்களில் நீராகப் படிந்து, டீசலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகும். அது சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அரிக்கும், மசகெண்ணெயையும் சேறாக்கும். தேய்ந்த எஞ்சின் பின்னர் எந்நாளும் கூடுதலாகவே குடிக்கும்.

வெப்ப நாட்டில் இது வேண்டுமா?

கொழும்பின் வெயில் 32 பாகை. எஞ்சினுக்கு வேண்டியது 80 பாகைக்கு மேல். ஆகவே நமது வெயிலும் எஞ்சினுக்குக் குளிரே. நுவரெலியாவிலிருந்து இரவில் மரக்கறி ஏற்றி வரும் லொறியை எண்ணிப் பாருங்கள். இறம்பொடை வழியாக இறங்கும்போது எஞ்சினுக்கு வேலை சிறிது, மலைக்காற்றோ குளிர். வெப்பநிலைநிறுத்தி இல்லாத எஞ்சின் அப்போது தன் சூட்டை முற்றாக இழந்துவிடும்.

மேலும் பல எஞ்சின்களில், வெப்பநிலைநிறுத்தி திறக்கும்போது அதன் அடித்தட்டு எஞ்சினுக்குட் சுற்றும் குறுக்குவழியை அடைக்கும். அதனைக் கழற்றிவிட்டால் அவ்வழி திறந்தே கிடக்கும். நீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குச் செல்லாமலே திரும்பும். சுமை ஏறும்போது எஞ்சின் முன்னிலும் அதிகமாகக் கொதிக்கும். குளிர்விக்க எண்ணிச் செய்தது சூட்டையே கூட்டிவிடும்.

அங்ஙனமாயின் எஞ்சின் கொதிப்பது ஏன்? முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள். சூடடிப்புக் காலத்திற் பதரும் வைக்கோற் தூசியும் அதன் செதில்களை அடைத்துவிடும். விசிறிப் பட்டி தளர்ந்திருக்கலாம், நீர்ப்பம்பு தேய்ந்திருக்கலாம், மூடியின் அழுத்தம் குறைந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரை ஊற்றி வந்தால் உள்ளே காரை படிந்திருக்கும். வெப்பநிலைநிறுத்தி மூடியபடியே இறுகிவிட்டாலும் எஞ்சின் கொதிக்கும். அதற்குரிய பரிகாரம் புதியதை மாட்டுவதே, வெற்றிடமாக விடுவதன்று.

பரீட்சிக்கும் முறை

காலையில் எஞ்சினை முடுக்கி, விசிறியிலும் பட்டியிலும் கைபடாதவாறு ரேடியேற்றரின் மேற்குழாயைத் தொட்டுப் பாருங்கள். நெடுநேரம் ஆறியிருந்து பின் விரைவாகச் சூடேறினால் வெப்பநிலைநிறுத்தி நன்று. தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாகச் சூடேறி, வெப்பமுள்ளும் மேலேறாதிருந்தால் அது திறந்தபடியே உள்ளது. அல்லது அறவே இல்லை. எஞ்சின் கொதிக்கும் நிலையிலும் மேற்குழாய் ஆறியேயிருந்தால் அது மூடியபடி உள்ளதென்று ஐயுறலாம்.

கழற்றியும் சோதிக்கலாம். ஒரு பானை நீரில் அதனையும் ஒரு வெப்பமானியையும் அடியிற் படாதவாறு நூலிற் கட்டித் தொங்கவிட்டு அடுப்பேற்றுங்கள். பொறிக்கப்பட்ட பாகையளவிற் கதவு அசையத் தொடங்க வேண்டும். வெப்பமானி இல்லாவிடின், நீர் கொதிக்குமுன் திறக்கின்றதா, ஆறியபின் முற்றாக மூடுகின்றதா என்றாவது பாருங்கள்.

மறவாது செய்ய வேண்டியவை

1. எஞ்சினின் வகையைக் கூறி, அதற்குரிய பாகையுள்ள புதியதையே வாங்குங்கள். பழைய எஞ்சினிற் கழற்றிய வெப்பநிலைநிறுத்தியை வாங்காதீர்கள்.

2. மெழுகுக்கூடு எஞ்சின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். காற்றுப்போகும் சிறு துளை இருப்பின் அது மேற்பக்கம் வரவேண்டும். அடைப்புத் தாளைப் புதிதாக இடுங்கள்.

3. உற்பத்தியாளர் விதித்த குளிரூட்டும் திரவத்தையே ஊற்றுங்கள். கிணற்று நீரைத் தவிருங்கள்.

4. சூடான ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். அழுத்தத்தினால் உள்ளிருக்கும் நீர் 100 பாகையையுங் கடந்திருக்கக்கூடும்; திறந்தவுடன் பொங்கி முகத்தைச் சுட்டுவிடும்.

5. முடுக்கியவுடன் எஞ்சினை நெடுநேரம் வெறுமனே ஓடவிடாது, சிறு சுமையோடு வேலையைத் தொடங்குங்கள். அவ்வாறு செய்தால் விரைவிற் சூடேறும்.

காற்றாற் குளிரூட்டப்படும் எஞ்சின்களுக்கும், தொட்டி நீர் கொதித்து ஆறும் சிறிய இருசக்கர உழவு இயந்திரங்களுக்கும் இவ்வுறுப்பு இல்லை. ஏனையவற்றில், வெப்பநிலைநிறுத்தி தன் இடத்தில் உள்ளதா என்பதை அடுத்த உழவு தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத எஞ்சின் ஒவ்வொரு நாளும் உங்கள் டீசலிற் சிறிது சிறிதாகக் களவாடும். அக்களவை அடைக்க ஒரு காலைப்பொழுதின் வேலை போதும்.