கணக்கில் வராதவர்க்கும் வேலை வேண்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஆற்றிவரும் பணியைச் சுருங்கச் சொல்லின், பள்ளிக்கு வாராத பிள்ளையைத் தேடிச்சென்று அழைத்து வந்த பணி எனலாம். நம் தெருக்களில் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் பள்ளியில் இருப்போர் எத்தனை பேர், செங்கற் சூளைக்குப் போய்விட்டவர் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதிய குறிப்பேடுகளே நம் முதல் மூலதனம். கட்டடமும் நூலகமும் பின்னர் வந்தவை. அந்தக் குறிப்பேட்டுப் பழக்கத்தை இன்னொரு துறைக்கும் கொண்டு செல்லவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இம்மேடையில் நிற்கிறோம். மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பே அத்துறை.

நம் குடியிருப்பில் செவித்திறன் அற்ற பெண்மணி ஒருவர் உள்ளார். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர். வயல்வேலை செய்த அவர் தந்தையார், ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறிச் சென்று, மகளின் பெயரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வந்தார். மூன்றாண்டுக்கு ஒருமுறை அப்பதிவைப் புதுப்பிக்கவேண்டும். இருமுறை புதுப்பித்த தந்தையார் பின்னர் மறைந்தார். அடுத்த முறை அதனை நினைவூட்ட ஆளில்லை. பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிற்று. இன்று அவர் தம் தமையன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். வேலை தேடுகிறீர்களா என்று சைகையால் கேட்டால், இல்லை என்று தலையசைக்கிறார். விருப்பம் இல்லாமல் அன்று, தேடி அலுத்துப்போனமையால்.

இப்பெண்மணி நாட்டின் கணக்கில் எங்கே இருக்கிறார் என்று பார்ப்போம். 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் தன் 76-ஆவது சுற்றில் மாற்றுத்திறனாளிகள் பற்றி நாடெங்கும் ஆய்வு நடத்தியது. பதினைந்தும் அதற்கு மேலும் வயதுடைய மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை 4.2 விழுக்காடு என்று அவ்வறிக்கை கூறிற்று. இவ்வொன்றை மட்டும் படிப்பவர், நூற்றுக்கு நான்கு பேர்க்குத்தானே வேலையில்லை, நிலைமை நன்றே என்று அறிக்கையை மூடிவிடுவர்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த உழைப்பாளர் தொகுதியில் அடங்கியோர் 23.8 விழுக்காட்டினரே. வேலையில் இருப்போர் 22.8 விழுக்காட்டினர். அஃதாவது, நூறு பேரில் ஏறத்தாழ இருபத்து மூவர் வேலை செய்கின்றனர், ஒருவர் தேடுகிறார், எஞ்சிய எழுபத்தாறு பேர் அக்கணக்கிற்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுள் முதியோரும் மாணவரும் நோயுற்றோரும் இருப்பர் என்பது உண்மையே. எனினும் நாம் மேலே சொன்ன பெண்மணியும் அவர்களிடையேதான் இருக்கிறார். தேடுவதை நிறுத்தியவர் வேலையற்றவர் என்று எண்ணப்படுவதில்லை. தேடாதவர் பெருகப் பெருக வேலையின்மை விழுக்காடு குறைந்தே தோன்றும். ஓர் எண்ணைத் தனியே படித்தல் ஆகாது. அதன் அருகிலுள்ள எண்ணோடு சேர்த்தே படித்தல் வேண்டும். அரசின் புள்ளிவிவரங்களைப் பயன்கொள்வதற்கு இதுவே முதற்பாடம்.

அவ்வறிக்கை தரும் மூன்றாவது எண், சேவை எங்கே தொடங்கவேண்டும் என்பதைக் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிகளுள் ஊனச் சான்று பெற்றிருந்தோர் 28.8 விழுக்காட்டினரே. சான்றின்றி இட ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி என்னும் பதிவும் இல்லை. சான்றில்லாத எல்லார்க்கும் சட்டம் கேட்கும் 40 விழுக்காட்டு ஊனம் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆயினும் மருத்துவக் குழுவின் முன் நின்றே பாராதவர் அதனை எங்ஙனம் அறிவார்? ஆகவே வேலைவாய்ப்பு முகாம் நடத்துவதற்கு முன் மருத்துவச் சான்று முகாம் நடத்தவேண்டிய ஊர்கள் பல. எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்பதைக் கணக்குத்தான் சொல்லும்.

எண்ணப்படுவதும் எண்ணப்படாது போவதும் மாற்றுத்திறனாளிகள் வாழ்வில் மாறிமாறி நிகழ்ந்துள்ளன. 1872-இல் தொடங்கி 1931 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் உடற்குறை பற்றிய கேள்வி இருந்தது. 1941-இல் அது நின்றுபோயிற்று. நாற்பதாண்டு கழிந்து, 1981-இல் மூன்று வகையினரை மட்டும் எண்ணினர். 1991-இல் மீண்டும் விடுத்தனர். மாற்றுத்திறனாளி இயக்கங்கள் வற்புறுத்தியதன் பயனாக 2001-இல் ஐந்து வகையாகவும், 2011-இல் எட்டு வகையாகவும் கேட்டனர்.

இவ்விரு கணக்கெடுப்புகளையும் தமிழ்நாட்டளவில் ஒப்பிடுவோர் வியப்படைவர். 2001-இல் 16 இலட்சத்து 42 ஆயிரமாக இருந்த தொகை, 2011-இல் 11 இலட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்தது. பத்தாண்டில் நாலரை இலட்சம் பேர் குணமடைந்துவிட்டனர் என்று கொள்வோமா? கேள்வியும் வகைப்பாடும் மாறின. கேட்டவர் கேட்ட முறையும், வீட்டார் சொல்லக் கூசியதும் இடையே நின்றன. எனவே அவ்விரு எண்களையும் அப்படியே கழித்துப் பார்த்தல் தவறாகும்.

2021-இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பை 2025 ஜூனில் அரசு அறிவித்தது. நம் வீட்டு வாயிலுக்குக் கணக்கெடுப்பாளர் வரும்போது, உள்ளறையில் இருக்கும் பிள்ளையை மறைத்தல் கூடாது. இதைச் சொல்லும் கடமை நம் மாணவர்க்கு உண்டு.

ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்கென அமைந்த கழகத்திற்கு இதில் தனிப் பொறுப்பு ஏன் என்று சிலர் வினவக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காட்டினர். பட்டியல் சாதியினரிடையே அது 2.45, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாத ஏனையோரிடையே 2.18. ஊட்டமின்மை, பேறுகால மருத்துவம் எட்டாமை, காப்புக் கருவியின்றிச் செய்யும் ஆபத்தான தொழில்கள் ஆகியவை என்ன செய்யும் என்பதை நாம் நம் தெருக்களில் கண்டிருக்கிறோம். நம்மிடையே இத்துன்பம் மிகுதி. அதைப் போக்கும் வாய்ப்போ குறைவு. தீண்டாமையும் ஊனமும் ஒருங்கே ஒருவர் மேல் விழும்போது, சாதிக் கணக்கைத் தனியாகவும் ஊனக் கணக்கைத் தனியாகவும் பார்ப்போர் கண்ணில் அவர் படுவதில்லை.

கணக்கைக் கொண்டு வாதாடும் நெறி நமக்குப் புதிதன்று. 1928-இல் சைமன் குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர், பகிஷ்கரித் ஹிதகாரிணி சபையின் சார்பில், பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோர் கல்வி நிலை குறித்து ஓர் அறிக்கை அளித்தார். அரசு வெளியிட்ட விவரங்களையே எடுத்து, மற்ற வகுப்பாரோடு ஒப்பிட்டு, நம்மவர் எவ்வளவு பின்தள்ளப்பட்டுள்ளனர் என்று அதில் நிறுவினார். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குப் பொறுப்பான மறுகுடியமர்த்த, வேலைவாய்ப்புத் தலைமையகம் 1945-இல் தொழிலாளர் துறையின்கீழ் அமைந்தது அக்காலத்தில்தான். பின்னர் 1959-இல் பம்பாயில் மாற்றுத்திறனாளிகளுக்கென முதல் தனி வேலைவாய்ப்பு அலுவலகம் திறக்கப்பெற்றது. அவ்வலுவலகங்களை நம்முடையவை என்று உரிமையோடு அணுகுதல் வேண்டும்.

இனிச் சட்டம் நமக்கு அளித்துள்ள கருவிகளைக் காண்போம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஊன வகைகள் 21 என்று அது வகுத்தது. முன்பு 3 விழுக்காடாக இருந்த அரசுப்பணி ஒதுக்கீட்டை 4 ஆக்கியது. அதன் 22-ஆவது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் பணிபுரியும் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பதிவேடும், ஒவ்வொரு வேலைவாய்ப்பு அலுவலகமும் வேலை நாடும் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பதிவேடும் வைத்திருக்கவேண்டும் என்கிறது. 34-ஆவது பிரிவின்படி, தக்கவர் கிடைக்காமல் நிரம்பாத இடம் அடுத்த ஆண்டிற்குக் கொண்டுசெல்லப்படவேண்டும். உடனே பிறர்க்குத் தந்துவிடல் ஆகாது. ஒதுக்கீட்டைத் தனியே இனங்கண்ட பணிகளின் தொகைமீது மட்டுமன்றி, மொத்தக் காலியிடங்களின்மீதே கணக்கிடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 அக்டோபர் 8 அன்று தீர்ப்பளித்தது.

மேலும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று 3566 பணிகளை இனங்கண்டு நடுவண் அரசு 2021 ஜனவரியில் பட்டியல் வெளியிட்டது. ஒவ்வொரு பணிக்கும் அமர்தல், நிற்றல், நடத்தல், பார்த்தல், கேட்டல், பேசுதல் என எவ்வெவ்வாற்றல் தேவை என்றும், எவ்வகை ஊனமுடையோர் அதனைச் செய்ய இயலும் என்றும் அதில் குறித்துள்ளனர். செவித்திறன் அற்றவர்க்கு ஏற்ற பணிகள் எவை என்று அந்த வீட்டாரிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், பதிவைப் புதுப்பிக்க மறந்திருப்பார்களா?

மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு எல்லா வகுப்பினரையும் ஊடுருவிச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடு. அதன்வழித் தேர்வு பெறும் பட்டியல் சாதியினர், பட்டியல் சாதிக்குரிய இடத்தில் வைத்தே எண்ணப்படுவர். எனவே எத்தனை மாற்றுத்திறனாளிகள் பணி பெற்றனர் என்று கேட்பதோடு நில்லாமல், அவர்களுள் நம்மவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எவ்வகை ஊனமுடையோர் எத்தனை பேர் என்றும் கேட்டறிதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இதனைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடையளித்தல் அலுவலர் கடமை.

இவற்றைக் கொண்டு நம் கழகம் செய்யத்தக்க பணியை இவ்வவையின் முன் வைக்கிறோம். நம் பழைய குறிப்பேட்டைப் போல ஒன்று தொடங்குவோம். ஒவ்வொரு தெருவிலும் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர். சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றவர் எத்தனை பேர். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு நடப்பில் உள்ளவர் எத்தனை பேர். தொழிற்பயிற்சி பெற்றவர் எத்தனை பேர். வேலையில் சேர்ந்தவர் எத்தனை பேர். ஓராண்டு கழித்தும் அவ்வேலையில் நிலைத்தவர் எத்தனை பேர் என்று ஆறு பத்திகள் போதும்.

இவ்வாறு பத்திகளையும் ஏணியின் படிகளாகக் கருதுவோம். எந்தப் படியில் நம்மவர் மிகுதியாக வழுவி விழுகின்றனரோ அந்தப் படியில் நம் உழைப்பைச் செலுத்துவோம். சான்றில் விழுந்தால் மருத்துவக் குழுவிற்கு வண்டி அமர்த்துவோம். பதிவில் விழுந்தால், புதுப்பிக்கும் நாளைக் கழகமே குறித்துவைத்து, இணையவழியே புதுப்பித்துத் தருவோம். பயிற்சி இருந்தும் வேலை கிட்டாவிடில், நிரம்பாத இடங்களின் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தால் பெற்று மாவட்ட அலுவலர் முன் வைப்போம். ஆறாவது பத்தியை மறவாதீர். சேர்ந்தோர் தொகையை முகாம் முடிந்த அன்றே அறிவித்து மகிழ்தல் எளிது. சாய்தளமும் கழிவறையும் இன்றி மூன்றாம் மாதம் திரும்பி வந்தோரை எண்ணுவார் எவருமிலர்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நாம் வெளியிடவேண்டியவை தொகைகளே, பெயர்கள் அல்ல. ஒருவரது ஊனமும் நோயும் அவர் சொந்தச் செய்தி. அவர் இசைவின்றி அதனை எழுதவும் கூடாது. எழுதியதைப் பிறர்க்குக் காட்டவும் கூடாது. குறிப்பேடு பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். அதன் கூட்டுத்தொகை மட்டும் அலுவலகத்திற்குச் செல்லட்டும்.

அலுவலர்களைக் குறை கூறுவதற்கென்று இதனைச் சொல்லவில்லை. நல்லெண்ணமுடைய அலுவலரும், தம் மேசைக்கு வாராதவரை அறியமாட்டார். வாராதவர் எத்தனை பேர் என்று அவர்க்குச் சொல்ல ஊராரால்தான் இயலும். அரசின் கணக்கோடு தெருவின் கணக்கையும் அருகருகே வைத்தால்தான் இடைவெளி இருவர்க்கும் புலப்படும்.

அப்பெண்மணியின் பெயரை மீண்டும் பதியச் சென்ற திங்களில் நம் மாணவியர் இருவர் உடன் சென்று வந்தனர். வேலை இன்னும் வரவில்லை. ஆனால் இன்று அவர் பதிவேட்டில் இருக்கிறார். வேலை தேடுகிறீர்களா என்று கேட்டால், ஆம் என்று தலையசைக்கிறார். பள்ளிக்கு வாராத பிள்ளையைத் தேடிய கழகம், பதிவேட்டில் வாராதவரையும் தேடிச் செல்வதாக. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதற்பணி அதுவாக அமையட்டும்.